ஒன்றரைப் புருவம்

ஜெராக்ஸ் அக்காவின் கடைக் கண்ணாடியில் எப்போதும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும். ஜெராக்ஸ் கடையில் தாள் ஒட்டியிருப்பது அதிசயமில்லை. 'சில்லறை தரவும்', 'பாஸ்போர்ட் போட்டோ உடனடி' என்று எல்லாக் கடையிலும் இருக்கும். இந்தத் தாள் வேறு ஜாதி. 'நேற்று காலையில் பட்டா நகல் எடுத்த ஒருவருக்கு இரண்டாம் பக்கம் விட்டுப்போனது. தப்பு என்னுடையது. வந்து வாங்கிக்கொள்ளவும்.' பட்டாக்காரர் இரண்டாம் பக்கம் இல்லாமலே சந்தோஷமாக வீட்டில் இருப்பார். அவருக்கே தெரியாத தப்பு, தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

"ஏன்க்கா, அந்த ஆளு திரும்பி வர்றப்ப கையில குடுத்தா போதாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவரு வர்ற வரைக்கும் அத வயித்துலயே வெச்சிகினு இருக்கணுமே சார். எனக்கு ஜீரணம் ஆகாது."

தெருவில் எல்லோரும் அவரை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கியவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அப்போது ஒரு தனியார் கல்லூரியில் நூலகன். கடைக்கு எதிர்வீட்டு மாடியில் மனைவியோடு குடியிருந்தேன். வேலையை மாற்றிக்கொண்டு வேலூருக்கு வந்துவிட்ட பிறகு, அந்தத் தெருவில் இருந்த வேறு யாரையும் நான் இவ்வளவு நினைப்பதில்லை. நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் மூடி மறைக்கும் கட்சி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீசைக்கு மை அடிப்பவன். ஒருமுறை மை தோலில் இறங்கி, உதட்டுக்கு மேல் கறுப்பாக ஒரு பட்டை நின்றுவிட்டது. ஜலதோஷம் என்று சொல்லி மூன்று நாள் கல்லூரிக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன். கொரோனாவுக்கு ஆறு வருடம் முந்திய சங்கதி இது. இந்தத் துறையில் நான் ஒரு முன்னோடி.

அக்காவிடம் மறைக்கிற பேச்சே கிடையாது. பெண்ணுக்கு ஒரு நல்ல வரன் வந்தபோது, பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள், "எனக்கு தைராய்டு இருக்குதுங்க, இவளுக்கும் பின்னாடி வரலாம். காலேஜ்ல ஒரு பேப்பர் அரியர் வெச்சி எழுதினா. கோவம் கொஞ்சம் ஜாஸ்தி" என்று பட்டியல் படித்துவிட்டார். வந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டுப் போனவர்கள்தான். பெண் ஆறு மாதம் அம்மாவோடு பேசவில்லை. அந்த ஆறு மாதமும் அக்கா கடையில் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தார். ஆனால் சொன்னது தப்பு என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. கூட இருப்பவர்களுக்கு உண்மை அவ்வளவு சுகமான பொருளில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

எங்கள் தெரு, மலை சுற்றும் பாதையிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனம் வரும். வருகிறவர்களுக்குப் பசித்தால் வழியெல்லாம் அன்னதானம். தாகம் எடுத்தால் மோர். மூன்றாவது தேவைக்கு எங்கள் தெரு. மறுநாள் காலையில் பெண்கள் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு வாசலைக் கழுவுவார்கள். அதைத் தடுக்க எல்லா வீட்டுச் சுவரிலும் வரிசையாகச் சாமி படம் போட்ட டைல்ஸ் பதித்தோம். நானும் என் பங்குக்கு ஒரு பிள்ளையார் பதித்தேன். ஜனங்கள் பக்தி உள்ளவர்கள். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் இருந்த இரண்டடி இடைவெளியை அளந்து பயன்படுத்தினார்கள்.

அக்கா மட்டும் தன் சுவரில் டைல்ஸ் வைக்க விடவில்லை. "மலையே சிவன்னு சொல்லித்தான சுத்த வர்றான். அவ்ளோ பெரிய மலைய எதிர்ல வெச்சிகினே நிக்கறவன், ஆறு இஞ்ச் டைல்ஸுக்கா பயப்படப் போறான்? சாமிய வாட்ச்மேன் வேலைக்கு வெக்காதீங்க. கக்கூஸ தொறங்க."

கக்கூஸ் இருந்தது. அதுதான் கொடுமை. தெருமுனையில், பெண்களுக்கு நான்கு, ஆண்களுக்கு நான்கு என்று கட்டி, ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்து, அன்று சாயங்காலமே பூட்டிவிட்டார்கள். கட்டியவர் எங்கள் வார்டின் மாஜி கவுன்சிலர். சாவி அவர் வீட்டில். ஏன் திறக்கவில்லை என்று கேட்டால், "தொறந்தா அசிங்கம் பண்ணிடுவாங்க" என்பார். இந்தத் தர்க்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்று நான் நூலகத்தில் தேடியும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் நகராட்சித் தேர்தல் வந்தது. கொரோனா ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த சமயம். எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மாஜி ஒரு நிமிடம்கூடக் கலங்கவில்லை. மனைவியை நிறுத்தினார். போஸ்டரில் அவர் படம் பெரிதாக, கைகூப்பி, புன்னகையோடு. மனைவி படம் அவர் முழங்கைக்குப் பக்கத்தில், அஞ்சல்தலை அளவில். அந்தம்மா பேசி தெருவில் யாரும் கேட்டதில்லை.

"நான் நிக்கறேன்" என்றார் ஜெராக்ஸ் அக்கா. "ஜெயிச்சா மொதல் நாளு அந்தப் பூட்ட எடுக்கறேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாததுக்கு வாக்குறுதி குடுக்க மாட்டேன்."

அவர் கணவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். எத்தனையோ கம்பம் ஏறியவர், மேடை என்றால் மட்டும் கால் நடுங்கும். "நீ நில்லு. என்னை பேசச் சொல்லாத" என்று ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார்.

நோட்டீஸ் எழுதும் வேலை எனக்கு வந்தது. 'அநீதி கண்டு வீறுகொண்டு எழுந்த வேங்கை' என்று ஆரம்பித்தேன். அக்கா படித்துப் பார்த்தார். "யாரு சார் இது, நானா? வேங்கை ஜெராக்ஸ் எடுக்குமா?" பேனாவை வாங்கி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, 'கழிப்பறையைத் திறக்க ஓட்டுப் போடுங்கள்' என்று ஒரு வரி எழுதினார். என் இலக்கியத்தில் மிஞ்சியது அச்சகத்தின் முகவரி மட்டும்.

இனி புருவத்துக்கு வரவேண்டும்.

தைராய்டு வந்ததிலிருந்து அவருக்குப் புருவம் உதிர்ந்துவிட்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் பூனைமுடி போல நாலு இருக்கும். பழகியவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. என் மனைவி ஒருமுறை புருவப் பென்சில் வாங்கிக் கொடுத்தாள். "தெனம் காலைல எழுந்து பொய் வரையணுமா?" என்று அதைக் கடைக் கணக்கு எழுத வைத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவரை வீழ்த்தியது ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். ஸ்டூடியோக்காரர் போட்டோ எடுத்து, கேட்காமலே கம்ப்யூட்டரில் இரண்டு புருவம் வைத்து அனுப்பினார். அழகாகத்தான் இருந்தது. "இது யாரு?" என்று கேட்டு எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்த பிறகு மாதிரிக்கு ஒன்று அடித்துக் கடை வாசலில் நிறுத்தினார்கள். எட்டடி உயரத்தில் தன் முகத்தை அவர் முதல்முறையாக அப்போதுதான் பார்த்தார். அரைமணி நேரம் வாடிக்கையாளர்களைக் கவனிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னார்.

"மாஸ்க் போட்டுகினுதான் ஓட்டு கேக்கப் போகணும். மாஸ்க் போட்டா மிச்சம் இருக்கறது கண்ணும் புருவமும். எனக்கு அதுலயும் பாதி இல்ல. ஜனங்க எத பார்த்துப் போடுவாங்க?"

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பயத்தை நாங்கள் கேட்டதே இல்லை. அதனால்தானோ என்னவோ, என் மனைவி தடுக்காமல் கூடவே போனாள். ரமணாசிரமத்தைத் தாண்டி செங்கம் ரோட்டில், ஒரு காபிக் கடைக்கு மேல் மாடி அறையில், பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் வெளிநாட்டுக்காரர்களுக்குப் புருவம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் இல்லை. மெல்லிய பிளேடால் முடி முடியாகக் கீறி, கீறலில் மை ஏற்றுவது. பச்சை குத்துவதற்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு வருடம் நிற்குமாம். வேட்புமனு கொடுக்க மூன்று நாள் இருக்கும்போது இது நடந்தது.

திரும்பி வந்தபோது நான் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கினார். நிமிர்ந்து பார்த்தேன். மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டேன்.

"பார்த்துட்டீங்க இல்ல? சொல்லுங்க சார்."

"நல்லா இருக்குக்கா."

"புக்க பத்தி பொய் சொல்லுங்க. மூஞ்சிய பத்தி வேணாம்."

சொல்கிறேன். இரண்டும் கரிக்கட்டையால் இழுத்தது போல அட்டைக் கறுப்பு. அதுகூடப் பரவாயில்லை. இடது புருவம் வலதைவிட ஒரு நூல் மேலே உட்கார்ந்திருந்தது. ஒரு நூல்தான். ஆனால் முகத்தில் ஒரு நூல் என்பது பெரிய தூரம். அந்த ஒரு நூலால் அவர் முகம், யார் என்ன சொன்னாலும், "அப்படியா?" என்று கேட்டது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடி முன் உட்கார்ந்தார். அவர் வீட்டில் இருந்தது ஷேவிங் கண்ணாடி மட்டும். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

பெங்களூர்ப் பெண்ணுக்குப் போன் போட்டோம். அவள் பதறவே இல்லை. எல்லாருக்கும் முதலில் இப்படித்தான் கறுப்பாகத் தெரியும், ஒரு வாரத்தில் பொருக்குத் தட்டி உதிரும், உதிர்ந்த பிறகு நிறமே இல்லாத மாதிரி இருக்கும், பயப்படக் கூடாது, ஒரு மாதத்தில் நிறம் திரும்ப வரும், வீக்கம் வடிந்தால் இரண்டும் சமமாகவும் தெரியும் என்றாள். அதுவரை பத்து நாள் தண்ணீர் படக்கூடாது. வேர்க்கக் கூடாது. வெயில் ஆகாது. சொறியக் கூடாது. பொருக்கைப் பிய்த்தால் மையும் அதோடு வந்துவிடும்.

அக்கா விரல் விட்டு எண்ணினார். ஓட்டுப்பதிவுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

"எலெக்‌ஷன் முடிஞ்சப்புறம்தான் எனக்கு மூஞ்சி வரும்" என்றார்.

என் மனைவி யோசனைகளாகச் சொன்னாள். கூலிங் கிளாஸ் போடலாம். முக்காடு போடலாம். பிரசாரத்துக்குப் பெரிய தொப்பி ஒன்று வாங்கலாம். நானும் என் துறை அனுபவத்தை வைத்து ஒன்றிரண்டு சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தார்.

"செஞ்சிகிட்டதுக்கு வருத்தம் இருக்கு சார். இல்லன்னு சொல்லல. வருத்தப்பட்டுகினே போறேன். ஒளிஞ்சிகினு போக மாட்டேன்."

சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகள் அன்று இரவு போனில் கெஞ்சியிருக்கிறாள். "அம்மா, இதையாவது யார்கிட்டயும் சொல்லாத." அதற்குள் இவர் பால்காரர், இஸ்திரிக்காரர், கடைக்கு வந்த இரண்டு வி.ஏ.ஓ.க்கள் வரை சொல்லி முடித்திருந்தார்.

வேட்புமனு வாங்கிய அதிகாரி தாள்களைப் புரட்டி, "எல்லாம் சரியா இருக்கும்மா" என்றார். நிமிர்ந்தவர் அந்த இடது புருவத்தைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். "சரியாத்தாம்மா இருக்கு" என்றார். புருவம் நம்பவில்லை. மூன்றாம் முறையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அந்த அலுவலகத்தில் அவ்வளவு கவனமாகப் பரிசீலிக்கப்பட்ட மனு வேறு இருந்திருக்காது.

சின்னமாகக் கிடைத்தது தண்ணீர்க் குழாய். எங்கள் பக்கம் காற்று மட்டும் வருகிற பொருள். பிரசாரம் சின்னத்துக்குக் காத்திருக்கவில்லை, புருவம் குத்திய மறுநாளே தொடங்கிவிட்டது. கையில் நோட்டீஸோடு அக்கா முன்னால், பக்கத்தில் அவர் கணவர். பேசமாட்டேன் என்று சொன்ன மனிதர் ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் பனையோலை விசிறியை மனைவி நெற்றிக்கு நேராக வீசிக்கொண்டே நடந்தார். வேர்க்கக் கூடாதே. தெரு முழுக்க, வீடு வீடாக, வீசிக்கொண்டே. ஒருவர் கேலியாக, "இன்னாங்க, உற்சவமூர்த்தியா?" என்று கேட்டபோதும் கை நிற்கவில்லை.

"உங்களுக்குத்தான்க்கா எங்க ஓட்டு" என்பார்கள். முகக்கவசத்துக்கு மேலே அந்தப் புருவம், அப்படியா என்று கேட்கும். "சத்தியமாக்கா" என்பார்கள். அப்படியா? "எங்க வீட்ல அஞ்சு ஓட்டும் உங்களுக்குத்தான், புள்ள மேல சத்தியம்." அக்கா ஒன்றுமே கேட்டிருக்க மாட்டார். ஒருவர் தாங்க முடியாமல், "சரி உண்மைய சொல்லிடறேன்க்கா, நான் மாஜிகிட்ட ஒத்துக்கிட்டேன்" என்று கூறிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் பொருக்குத் தட்டியது. அரிப்பு எடுத்தால் என்ன செய்வார் என்று பார்த்தேன். இரண்டு கையிலும் நோட்டீஸ் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கண்ணில் தண்ணீர் நிற்கும். வோட்டர் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோவார்.

இதையெல்லாம் கணக்குப் போட்ட நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். ஓட்டு கேட்டு வருகிறவருக்கு வீட்டு வாசலில் என்ன செய்வார்கள்? ஆரத்தி எடுப்பார்கள். மஞ்சள் தண்ணீரில் விரலைத் தொட்டு நெற்றியில் வைப்பார்கள். முதல் வீட்டிலேயே தட்டோடு வந்துவிட்டார்கள். என் மனைவி பாய்ந்து போய், "கொரோனா ரூல்ஸ், தொடக் கூடாதாம்" என்று ஒரு பொய் சொன்னாள். அக்கா அவளை முறைத்துவிட்டு, "ரூல்ஸ் இல்லைங்க. புருவத்துல புண்ணு. ஆற வரைக்கும் தண்ணி ஆகாது. நடு நெத்தியில மட்டும் பொட்டு வைங்க" என்றார். அப்படியே வைத்தார்கள். ஏழு நாள் அந்த நடு நெற்றியில் ஓட்டியாயிற்று.

எட்டாம் நாள், பூட்டிய கழிப்பறைக்கு நேர் எதிர்வீடு. அந்த வீட்டம்மாள் தனி மனுஷி. தெருவிலேயே அதிகம் நாறுவது அவர் வாசல்தான். அவர் கோயிலுக்குப் போய் அக்கா பேரில் அர்ச்சனை செய்துவிட்டு, கை நிறைய விபூதியோடு வாசலில் காத்திருந்தார். "ஜெயிச்சிடும்மா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். அழுதுகொண்டே மூன்று விரலையும் விபூதியில் தோய்த்துத் தூக்கினார். பட்டை. இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் போகிற பட்டை.

விலக நேரம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லவும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அக்கா அந்தக் கையைப் பார்த்தார், அந்தம்மாளின் முகத்தைப் பார்த்தார், தலையைக் குனிந்து கொடுத்தார்.

அழுத்திப் பூசினார் அந்தம்மாள். இடதில் ஆரம்பித்து வலதுக்குப் போனதால் முழு அழுத்தமும் இடது பக்கம். விரல் போன பிறகு பார்த்தால், இடது புருவத்தின் வெளிப்பாதி விபூதியோடு போய்விட்டிருந்தது. ரத்தம் ஒரு புள்ளி வந்தது. அக்கா கணவரின் விசிறி அப்போதுதான் முதல்முறையாக நின்றது.

"சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள் என் மனைவி, திரும்பி வரும் வழியில்.

"அந்தம்மா எத்தனை பௌர்ணமியா வாசல கழுவுறாங்க தெரியுமா? அவங்க கைய தட்டிவிட்டுட்டு நான் எந்தப் பூட்ட தொறக்கறது?" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எரியுதும்மா" என்றார்.

மறுநாள் மாஜி தரப்பு ஆட்டோ தெருவுக்குள் வந்தது. மைக்கில் ஒரு கணீர்க் குரல். "வாக்காளப் பெருமக்களே, தன் புருவத்தையே ஒழுங்கா வெச்சிக்கத் தெரியாதவங்க உங்க வார்ட வெச்சிப்பாங்களா? ஒன்றரைப் புருவத்துக்கா உங்க ஓட்டு?" பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பேர் பரவிவிட்டது. புருவமில்லாத அக்கா போஸ்டரிலும் யாரோ கரியால் ஒன்றரைப் புருவம் வரைந்துவிட்டிருந்தார்கள். அக்கா அதை நின்று பார்த்துவிட்டு, "இப்பதான் போட்டோ சரியா இருக்கு" என்றார்.

நான் கொதித்துப்போய் ஒரு மறுப்பு அறிக்கை எழுதினேன். 'தனிமனிதத் தாக்குதல்', 'பண்பாடற்ற அரசியல்', 'பெண்ணினத்தின் மாண்பு' எல்லாம் இருந்தது. சாயங்காலம் தெருமுனையில், கழிப்பறைக்கு முன்னால், வாடகை மைக்கோடு பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நின்றார். என் அறிக்கையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அது அங்கேயே இருந்தது.

"ஒன்றரைப் புருவம்னு சொல்றாங்க. சரியாத்தான் எண்ணியிருக்காங்க" என்று ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது. "எனக்குப் புருவம் கெடையாது. ஓட்டு கேக்க அழகா வரணும்னு ஆசப்பட்டு, போயி கீறிகிட்டேன். கோணையா போச்சு. அப்புறம் பாதி உதிர்ந்து போச்சு. தப்புதான். யாரும் சொல்லிக் குடுத்து செய்யல, நானேதான் செஞ்சேன். ஆனா ஒண்ணு பாருங்க. என் தப்பு என் மூஞ்சியோட நின்னுபோச்சு. அவரு பண்ண தப்பு பௌர்ணமிக்குப் பௌர்ணமி உங்க வாசல்ல நாறுது. என் தப்ப நான் எட்டு நாளா வீடு வீடா கொண்டாந்து காட்டிட்டேன். அவரு தன் தப்புக்குப் பூட்டு போட்டு சாவிய வீட்ல வெச்சிகினு இருக்காரு. போதும், நான் எறங்கறேன். நாற்காலி ஆடுது."

அவ்வளவுதான். தெருவில் நான் கேட்ட மிகச் சிறந்த மேடைப்பேச்சு அது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்றே முடிவு தெரிந்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.

பத்தொன்பது ஓட்டில் தோற்றார்.

வாக்கு எண்ணும் பள்ளிக்கூட வாசலில் நாங்கள் நின்றிருந்தோம். அக்கா வெளியே வந்தார். முகக்கவசத்துக்கு மேலே அந்த முழுப் புருவமும் அரைப் புருவமும். இரண்டுமே அப்போது நிறம் வெளுத்து, இருக்கிறதா இல்லையா என்று இருந்தன. அவர் கணவர் குடையை விரிக்க ஆரம்பித்து, எதற்கு என்று தெரியாமல் மடக்கினார். எனக்கு அழுகை வந்தது. வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தப் பக்கம் மாஜிக்கு மாலை மேல் மாலை விழுந்துகொண்டிருந்தது. ஜெயித்த அவர் மனைவி ஒரு ஓரமாக, மாலை இல்லாமல், சான்றிதழ்க் கவரோடு நின்றிருந்தார். அக்கா நேராகக் கூட்டத்துக்குள் நுழைந்தார். வாழ்த்துச் சொல்லப் போகிறார் என்று வழி விட்டார்கள்.

"சாவி குடுங்க" என்றார்.

மாஜி சிரித்தார். "இன்னாக்கா இது, தோத்தவங்களுக்கு எதுக்கு சாவி?"

"தோத்தவங்களுக்கும் மூத்திரம் வரும் தம்பி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யார் என்று எல்லோரும் திரும்பினோம். சான்றிதழ்க் கவரால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் குரலைத் தெரு அன்றுதான் கேட்டது.

"அது அப்பறம் பார்க்கலாம், நீ வண்டியில ஏறு" என்றார் மாஜி.

அந்தம்மாள் ஏறவில்லை. சிரிப்பு இன்னும் முழுதாகப் போகாத குரலில், மெதுவாகத்தான் கேட்டார். "ஏங்க, கவுன்சிலர் நீங்களா நானா?"

மாஜி கழுத்தில் கிடந்த மாலைகளில் ஒன்றைக் கழற்றினார். எதற்குக் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"சாவி சாமி ரூம்ல ஆணியில தொங்குதுக்கா. சாயந்தரம் நானே எடுத்துகினு வரேன்" என்றார் அந்தம்மாள், அக்காவிடம். எடுத்துக்கொண்டு வந்தார். நடந்தே வந்தார், தனியாக.

அடுத்த பௌர்ணமிக்குப் புருவம் குத்தி நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. பெங்களூர்ப் பெண் சொன்னபடியே வலது பக்கம் நிறம் திரும்ப வந்துவிட்டது. கறுப்பு இறங்கி, நல்ல இயல்பான பழுப்பில், அழகான புருவம். இடதில் உள்பாதி மட்டும் வந்தது. வெளிப்பாதி வெறும் தோல். விட்டுப்போனதை நிரப்பித் தருகிறேன், காசு வேண்டாம் என்று அவள் இரண்டு முறை போன் செய்தாள். "கூப்பிடறா, போயிட்டு வந்துடலாம்க்கா" என்று என் மனைவியும் சொல்லிப் பார்த்தாள். "அந்த விபூதி பூசின அம்மா அத பார்த்துட்டு தெனம் அழுவறாங்க. மொதல்ல அவங்கள தேத்தறேன், அப்பறம் பார்க்கலாம்" என்றார். போகவில்லை.

பௌர்ணமி அன்று நாலு மணிக்கே மலை சுற்ற ஜனம் இறங்கிவிட்டது. தெருமுனையில் எட்டுக் கதவும் திறந்திருந்தன. தண்ணீர் பிடித்து வைக்க அவர் கணவர். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், தன் முறை வந்தும் உள்ளே போகாமல் நின்று, அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, ஒரு பக்கம் புருவம் பாதிதான இருக்குது?"

"ஆமா. நானே கெடுத்துகிட்டேன்."

"திரும்பி வந்துடுமா?"

"வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். நீ உள்ள போ, பின்னாடி ஆளு நிக்குது."